முயல் வளையில் ஒரு கால்

சல்வா தன்னை ஏமாற்றித்தான் வரவழைத்திருக்கிறாள் என்பது ஃபெர்கஸ் லெய்ட்லாவின் பண்ணைக்குள் காரைத் திருப்பும்போதே மெரிக்குக்குத் தெரிந்துவிட்டது. கம்பளிக் கொட்டகையின் ஓரத்தில் நோயலின் வெள்ளை வேன் நின்றது. பக்கவாட்டில் நீல எழுத்தில் 'பிரிடோ ரொட்டிக் கடை'. ஊருக்குள் அந்த வேன் எதிரே வந்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவது என்று எட்டு மாதமாகப் பழக்கப்படுத்தி வைத்திருந்தான் மெரிக். இங்கே திரும்புவதற்குத் தெரு கிடையாது. பின்னால் பதினாறு கிலோமீட்டர் மண் சாலைதான் கிடந்தது.

"நோயல் வரமாட்டான்னு சொன்னியே," என்றான், காரை விட்டு இறங்கியதும்.

"அப்படிச் சொல்லல. நான் அவனைக் கூப்பிடலைன்னு சொன்னேன்." சல்வா வில்லை முழங்காலுக்குப் பின்னால் கொடுத்து வளைத்து நாணை மாட்டிக்கொண்டிருந்தாள். "நான் கூப்பிடல. ஃபெர்கஸ் கூப்பிட்டான்."

"ஃபெர்கஸுக்கு யார் சொன்னது?"

"அது நான்தான்."

அந்த ஊரில் வில் பிடிக்கிறவர்கள் என்று மிச்சம் இருந்தது இவர்கள் மூன்று பேர்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மெரிக் டல்லுக்கு ஐம்பத்தேழு வயது. சல்வா அந்தாரிக்கு அவனைவிட இரண்டு வயது குறைவு. அப்பா விட்டுப்போன மருந்துக் கடையை நடத்துகிறாள். நோயல் பிரிடோ ரொட்டி சுடுகிறவன், நூற்றிருபது கிலோ. இருபது வருஷத்துக்கு முன்னால் பதினான்கு பேரோடு ஆரம்பித்த வில் சங்கம் தேய்ந்து தேய்ந்து இந்த மூன்று பேரில் வந்து நின்றிருந்தது. அதுவும் போன டிசம்பரில் உடைந்தது. மெரிக்கின் மகள் பிரையனியின் கல்யாண விருந்தில் நோயல் எழுந்து நின்று, மெரிக் ஒருமுறை முயலைக் குறிபார்த்து வேனின் டயரை அடித்த கதையைச் சொன்னான். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் அன்றிலிருந்து மெரிக்கை 'டயர்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். மறுநாளிலிருந்து மெரிக் நோயலின் போனை எடுக்கவில்லை.

ஃபெர்கஸ் வேலிக் கதவின் மேல் முழங்கைகளை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயது ஆள், ஆனால் குதிரையைப் பற்றிப் பேசும்போது மட்டும் கவலைப்படும் தாயின் முகம் வந்துவிடும். கீழே ஓடைப்பக்கத்துப் புல்வெளியில் மேபெல் என்ற செம்பழுப்பு நிறப் பெண்குதிரை வயிற்றைச் சாய்த்துக்கொண்டு மேய்ந்தது. இன்னும் மூன்று வாரத்தில் குட்டி போடும்.

"அந்த வெளி முழுக்க முயல் குடைஞ்சு வச்சிருக்கு," என்றான் ஃபெர்கஸ். "ஒரு வளையில அவ கால் மாட்டுச்சுன்னா முடிஞ்சது கதை. துப்பாக்கி வேணாம். போன வருஷம் ஒரு வெடிச் சத்தத்துக்கே வேலியைப் பிச்சுக்கிட்டு ஓடினா. நீங்கதான் சத்தம் போடாத ஆளுங்க."

"இவங்க ரெண்டு பேரும் எட்டு மாசமாச் சத்தமே போடல," என்றாள் சல்வா.

ஃபெர்கஸ் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆட்டுச் சந்தைக்குக் கிளம்பிவிட்டான். அவன் மனைவியும் கூடப் போனாள். பண்ணையில் வேறு ஆள் இல்லை.

மூன்று பேரும் சரிவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் மாதத்துக் காலை, அந்தப் பக்கத்தில் அது குளிர்காலம். புல் நுனியெல்லாம் உறைபனி, மிதித்த இடமெல்லாம் நறநறவென்றது. வெயில் ஏற ஏற முயல்கள் குளிர்காய வெளியே வரும். அம்போடு நடக்கும்போது மூன்று பேரும் ஒரே வரிசையில் போக வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பேசியாக வேண்டும்.

"அவனை இடது பக்கமா போகச் சொல்லு," என்றான் மெரிக் சல்வாவிடம். நோயல் நான்கடி தள்ளி நின்றிருந்தான்.

"காது கேக்குதுன்னு அவன்கிட்ட சொல்லு," என்றான் நோயல்.

"இடதுன்னா ஓடைப்பக்கம். தைல மரத்துக்கு அந்தாண்ட போகக் கூடாதுன்னும் சொல்லு."

"இருபது வருஷமா வர்ற எடம். எனக்குத் தெரியும்னு சொல்லு."

"நான் என்ன தபால்காரியா?" என்று சொல்லிவிட்டுச் சல்வா நடுவில் நடந்தாள்.

முதல் முயலை அவள்தான் அடித்தாள். பிளாக்பெரி முள்புதரின் வெயில்பட்ட ஓரத்தில் மூன்று முயல்கள் காதைத் தூக்கி உட்கார்ந்திருந்தன. சல்வா முழங்காலிட்டு, பிறகு வயிற்றால் தவழ்ந்து, பதினைந்து தப்படிக்குள் போனாள். அதற்கு மேல் தூரத்தில் அவள் எய்வதே இல்லை. பட்டால் உடனே போக வேண்டும், அரைகுறையாகக் காயம்பட்டு வளைக்குள் போய்ச் சாகக் கூடாது என்பது அவள் சட்டம். நாண் ஒரு மூச்சு விட்டது போலச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். மற்ற இரண்டும் என்ன நடந்தது என்றே புரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்றும் விழுந்தது.

மெரிக் மூன்று அம்பு விட்டான். ஒன்று முயலின் இரண்டு காதுகளுக்கும் நடுவில் போனது. முயல் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஓடியது. அம்பு முனையில் நான்கு கம்பிக் கால்கள் இருந்ததால் புல்லில் மாட்டி நின்றது. இல்லாவிட்டால் அரை மணி நேரம் தேட வேண்டியிருக்கும். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நோயல் ஏதாவது சொல்வான். 'முயலுக்கு வகிடு எடுத்து விட்டியா?' என்ற மாதிரி. இன்று அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் மெரிக்குக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பஸ்ஸில் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லாமல் ஓட்டிப்போவது போல இருந்தது.

பத்து மணிக்கு விழுந்துகிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். நோயல் ஒரு துணி மூட்டையை அவிழ்த்தான். மாவுக்குள் கறி பொதிந்து சுட்ட உருளைகள், இன்னும் சூடு ஆறாதவை. மிளகும் வெங்காயமும் மணந்தது. மூன்றை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் ஓடையைப் பார்த்தான்.

மெரிக் தொடவில்லை. ஆனால் அவன் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது.

சல்வா ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தாள். "நான் சுட்டதுன்னு நெனச்சுச் சாப்பிடு."

"நீ சுட்டா இப்படி இருக்காது," என்றான் மெரிக், யோசிக்காமல்.

நோயலின் காது சிவந்தது. ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் தேநீரை இரண்டு முறை ஊதினான்.

பதினோரு மணிவாக்கில் அது நடந்தது. அதற்குள் சல்வா ஐந்து முயல், மெரிக் ஒன்று. நோயலுக்கு ஒன்றுகூட இல்லை. அவன் உடம்புக்குத் தவழ முடியாது. நின்றபடியே, மரத்துக்கு மரம் நகர்ந்து போவான். இரண்டு முனையிலும் நாண் ஓடும் சின்னச் சக்கரம் வைத்த பெரிய வில் அவனுடையது. ஓடைக்கரை மேட்டில் ஒரு கிழட்டு முயல், ஒரு காது கிழிந்தது, தன் வளை வாசலில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. இடையில் கருவேல மரம் ஒன்று தாழ்ந்து நின்றது. அதன் இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குத்தான் வழி. நோயல் வில்லை இழுத்துப் பிடித்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான். மெரிக் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அம்பு அந்தச் சந்துக்குள் நுழைந்து போனது. முயல் முகம் கழுவிய கை கீழே இறங்கியது. அதன் பிறகு அசையவில்லை.

"அடடா, என்னமா அடிச்சே," என்றான் மெரிக்.

சொல்லிவிட்டான். வாயிலிருந்து போனதை என்ன செய்வது? சல்வா தன் அம்புக்கூட்டில் எதையோ மும்முரமாகத் தேடுவது போல தலையைக் குனிந்துகொண்டாள். நோயல் அந்தப் பெரிய முகம் முழுக்கச் சிரிப்போடு திரும்பி மெரிக்கைப் பார்த்தான். பார்த்தபடியே முயலை எடுக்க முன்னால் நடந்தான். முன்னால் பார்க்கவில்லை. நான்காவது தப்படியில் தரை உள்வாங்கியது. வலது கால் முழங்கால் வரை வளைக்குள் போனது. உடம்பு மட்டும் போகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. காய்ந்த விறகை முறிக்கும் சத்தம் இருபது தப்படிக்குக் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது நோயல் குப்புறக் கிடந்தான். முனகவில்லை, புல்லைக் கைநிறையப் பிடித்துக்கொண்டிருந்தான். இருவருமாக மண்ணைக் கையால் தோண்டி மெதுவாகக் காலை வெளியே எடுத்தார்கள். பாதம் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

சல்வா விரலை வைத்து நாடி பார்த்தாள். "ரத்தம் ஓடுது. பூட்ஸைக் கழட்டாத, கயிறை மட்டும் தளர்த்து." போனை எடுத்துப் பார்த்தாள், ஓடைப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. ஃபெர்கஸின் வண்டி சந்தையில். மெரிக்கின் கார் இந்த ஈரச் சரிவில் இறங்கினால் ஏறாது. "நான் மேல போய் ஏதாவது தள்ளுவண்டி இருக்கான்னு பாக்குறேன். அசைக்காம கட்டி வை. ஆடாதீங்க ரெண்டு பேரும்."

"நான் எங்க ஆடப்போறேன்," என்றான் நோயல்.

அவள் சரிவில் ஏறிப் போனாள். இருவரும் தனியாக விடப்பட்டார்கள்.

மெரிக் தன் அம்புகளை எடுத்தான். தேவதாரு மரத்தில் தானே செதுக்கிய எட்டு அம்புகள். முனைகளைத் திருகிக் கழற்றிப் பையில் போட்டான். கழுத்துத் துண்டைக் கணுக்காலைச் சுற்றி வைத்து, அதற்கு மேல் அம்புகளைப் பக்கத்துக்கு நான்காக அடுக்கி, இடுப்பு வாராலும் பூட்ஸ் கயிற்றாலும் இறுக்கினான். கோட்டைக் கழற்றி நோயலின் மேல் போர்த்தினான். நோயலுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. மெரிக் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தக் கனத்த தலையைத் தன் தொடையில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"நீ பேசுனதாலதான் விழுந்தேன்," என்றான் நோயல்.

"அப்ப இனிமே பேசல."

"பேசு. ஒரு கால்தானே போச்சு."

மெரிக்குக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டான்.

"நான் என்ன பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான் நோயல். "டயர் கதையை நூறு தடவை சொல்லியிருக்கேன். நீயே சொல்லியிருக்கே. பாருக்குப் பார் சொல்லியிருக்கோம். அன்னிக்கு மட்டும் என்ன?"

மெரிக் புல்லைப் பிடுங்கினான். பிறகு சொன்னான். "கொரின் சிரிச்சா."

கொரின் அவன் மனைவியாக இருந்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனை விட்டுப் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் புதுக் கணவனோடு வந்து மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் சிரிச்சா எனக்கு ஒண்ணுமில்ல. அவ அந்த ஆள் தோள்ல சாஞ்சு சிரிச்சா. இந்த ஆளை விட்டுட்டு வந்தது சரிதான்ங்கற மாதிரி. அந்த நாள் பூரா என் முதுகை நிமித்தி வச்சிருந்தேன் நோயல். பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன், தடுமாறல. அப்புறம் நீ எந்திரிச்சே."

நோயல் கண்ணை மூடிக்கொண்டான். வலியா என்று மெரிக் குனிந்து பார்த்தான்.

"அவ சிரிச்சதை நான் பாக்கவே இல்ல," என்றான் நோயல். "நான் உன் பொண்ணைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மாப்பிள்ளையோட அப்பா எனக்கு முன்னாடி பேசினாரு, ஞாபகம் இருக்கா? அவரு பையன், அவரு கம்பெனி, அவரு படகு. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எனக்குப் பொறுக்கல. அதனாலதான் எந்திரிச்சேன். அந்தக் கதைக்கு ஒரு முடிவு இருக்குல்ல? அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன்."

"என்ன முடிவு?"

"என்ன முடிவாம். எனக்கு அப்ப குடல் ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம். நூறடி நடந்தா தையல் பிரியும். மாத்துச் சக்கரத்துலயும் காத்தில்ல. நாற்பது டிகிரி வெயில். நீ பதினோரு கிலோமீட்டர் நடந்து போனே. திரும்பி வரும்போது யாரோ ஒரு சின்னப் பொண்ணோட ஊதாக் கலர் சைக்கிள், அதுல ஒரு சக்கரத்தைக் கட்டித் தள்ளிக்கிட்டு வந்தே. நான் வேன் நிழல்ல தூங்கிட்டிருந்தேன். என்னை எழுப்பல. தனியா சக்கரத்தை மாட்டி முடிச்சுட்டு, தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு எழுப்பினே. நடந்ததைப் பத்தி நீ ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. டயரை அடிச்சதை மட்டும் சொல்லிட்டுத் திரியறே."

மெரிக் ஓடைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"'இவளோட அப்பா இப்பேர்ப்பட்ட ஆளு'ன்னு அந்த மண்டபத்துல சொல்லணும்னு நெனச்சேன். டயர்னு சொன்னதுமே ஒரே சிரிப்பு, கைதட்டல். பாட்டுக்காரன் பாட ஆரம்பிச்சுட்டான். நான் என்ன பண்றது? உக்காந்துட்டேன்."

"இதை எட்டு மாசமா ஏன் சொல்லல?"

"போனை எடுத்தாத்தானே? கடைக்கு வந்தாத்தானே? அந்தச் சூப்பர் மார்க்கெட்ல பஞ்சு மாதிரி ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிடறியாமே. ஐவி பாத்துட்டு வந்து சொன்னா. அன்னிக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

ஐவி நோயலின் மனைவி. கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊரில் யார் எதை வாங்குகிறார்கள் என்று அறிந்தவள்.

"அது ரொட்டியே இல்ல," என்றான் மெரிக். "பஸ் கண்ணாடி துடைக்க வேணா ஆகும்." பிறகு அவன் நோயலின் தலையைத் தன் தொடையில் இன்னும் சரியாக வைத்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி அவனுக்குப் போட்டான். நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டை விரலால் துடைத்தான். எட்டு மாதத்தில் மூன்று பேரும் வில்லெடுத்துப் போகாமல் விட்டது எத்தனை சனிக்கிழமை என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

சல்வா வந்தாள். சாணம் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைத் தடதடவென்று உருட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே வைக்கோல் போட்டிருந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தொப்பி யார் தலையில் இருக்கிறது என்பதையும் பார்த்தாள்.

"ஐவிக்குப் போன் பண்ணிட்டேன். ஆம்புலன்ஸ் பக்கத்து ஊருக்குப் போயிருக்காம், ரெண்டு மணி நேரமாகும். அதுக்குள்ள நாமளே போயிடலாம். தூக்குவோமா?"

நூற்றிருபது கிலோவைத் தள்ளுவண்டியில் ஏற்றுவது எளிதல்ல. மூன்றாவது முயற்சியில் ஏறியது. மெரிக் பின்னால் கைப்பிடிகளைப் பிடித்தான். சல்வா முன்னால் கயிறு கட்டி இழுத்தாள். முயல்கள் நோயலின் மடியில், விற்கள் அவன் தோளுக்கு இரண்டு பக்கமும். போருக்குப் போய்த் தோற்றுத் திரும்பும் குறுநில மன்னனைப் போல இருந்தான்.

"குலுக்காதடா."

"நீ ஒரு ரொட்டியைக் கொறைச்சுத் தின்னிருக்கணும்."

"மேடு வருது, மேடு வருது."

"எனக்குக் கண்ணு இருக்கு. நீ மூச்சை இழுத்துப் பிடி, எடை கொறையும்."

பாதிச் சரிவில் மேபெல் பின்னால் வர ஆரம்பித்தது. முதலில் தள்ளி நின்று பார்த்தது. பிறகு தொங்கும் வயிற்றோடு அசைந்து அசைந்து பக்கத்தில் வந்து நோயலின் கோட்டுப் பையை முகர்ந்தது. உள்ளே மிச்சமிருந்த கறி உருளையின் மாவு ஓரத்தை எடுத்து மென்றது. அவன் கன்னத்தில் மூக்கை வைத்து ஊதியது. நோயல் வலியை மறந்து, "பொண்ணு, பத்திரமா நட, பாத்துக் கால் வை," என்று அதற்குப் புத்தி சொன்னான். சல்வா கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கயிறு விடுபட்டதும் வண்டி பின்னால் உருண்டது. மெரிக் முழு எடையையும் மார்பில் தாங்கிக்கொண்டு, "சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லு தாயே, நான் இங்கயே நிக்கறேன்," என்றான்.

எண்ணூறு மீட்டர் ஏற ஒரு மணி நேரம் ஆனது. ரொட்டி வேனின் பின்பக்கம் மாவு மூட்டைகளின் மேல் நோயலைப் படுக்க வைத்தார்கள். மெரிக் ஓட்டினான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகும்போது ஓட்டுகிற அதே நிதானத்தில், குழி குழியாகப் பார்த்து விலக்கி.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி அம்புகளால் ஆன கட்டைப் பார்த்து, "இதை யார் கட்டினது?" என்று கேட்டாள்.

"என் ஃப்ரெண்டு," என்றான் நோயல். பிறகு அவள் கேட்காமலே, "பஸ் ஓட்டறான்," என்று சேர்த்துக்கொண்டான்.

இரண்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்று மாலை சல்வா தன் வீட்டில் முயல்களை உரித்து, பட்டையும் எலுமிச்சையும் போட்டு அவள் அம்மா செய்கிற மாதிரி வேகவைத்து, பெரிய பாத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். ஐவி தட்டுகள் கொண்டுவந்தாள். நோயல் கட்டிலைச் சுற்றி நான்கு பேரும் சாப்பிட்டார்கள். அந்தக் காது கிழிந்த கிழவன்தான் ரொம்ப நேரம் வேகவில்லை.

திங்கட்கிழமை காலை, பஸ் எடுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால், மெரிக் ரொட்டிக் கடையின் பின்வாசலில் நின்றான். யாரும் அழைக்கவில்லை. நோயல் மாவுக்கட்டுக் காலை ஒரு பெட்டியின் மேல் நீட்டி முக்காலியில் உட்கார்ந்து, மாவு மூட்டையை எப்படித் தூக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். மெரிக் கையைக் கழுவிக்கொண்டு, "எத்தனை மூட்டை?" என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்கு அடுப்பிலிருந்து வந்த ரொட்டிகளில் பாதி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. கடை திறந்ததும் முதல் ஆளாகச் சல்வா வந்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன ரொட்டி?"

"வாங்கினா வாங்கு, கேள்வி கேக்காத," என்றான் உள்ளேயிருந்து நோயல்.

"மேல அப்படி இருக்கும். உள்ள நல்லாத்தான் இருக்கும்," என்றான் மெரிக். அவன் புருவத்தில் எல்லாம் மாவு.

சல்வா ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். "உப்பே இல்ல."

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உப்பு நீ போடறேன்னே," என்றான் மெரிக்.

"நானா? நொண்டிக் காலோட எந்திரிச்சு நானா போடுவேன்? தட்டுல எடுத்து வச்சு, போடுன்னு சொன்னேன்."

"வைக்கும்போது எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஐவிகிட்ட சொன்னே."

"என்னை இழுக்காதீங்க," என்றாள் ஐவி கல்லாவிலிருந்து.

சண்டை பெரிதாகிக்கொண்டே போனது. சல்வாவுக்குப் பின்னால் நான்கைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். அவள் வரிசையை விட்டு நகராமல், உப்பில்லாத ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.